மைசூருவின் இரண்டு தீ விபத்துகளும் ஒரு வெள்ளைப் பூச்சும்

1897-இல் மைசூர் அரண்மனை எரிந்தது. மூத்த இளவரசி ஜயலட்சுமம்மண்ணியின் கல்யாணச் சமயம் அது. தந்தை பத்தாம் சாமராஜ உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் காலமாகியிருந்தார். வாரிசான நான்காம் கிருஷ்ணராஜர் சிறுவன். ஆட்சிப் பொறுப்பு மகாராணி கெம்பநஞ்சம்மண்ணியின் கையில் இருந்தது. எரிந்துபோனது, திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பிறகு மூன்றாம் கிருஷ்ணராஜருக்காக 1803-இல் கட்டி முடிக்கப்பட்ட மர அரண்மனை. அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பக்கத்திலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், 1784-இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையை ஒரு சுற்று சுற்றி வரலாம். தேக்குத் தூண், தேக்கு உத்தரம், மரத் தளம், சுவர் முழுக்கச் சித்திரம். பாணி வேறாக இருக்கலாம். மரத்தின் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான்.

மகாராணி தாமதிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் புதிய அரண்மனைக்கு வேலை தொடங்கிவிட்டது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக்கொடுத்தவர் என்பதால் நமக்கு அவர் அந்நியர் இல்லை. 1912-இல் பணி முடிந்தபோது கணக்கில் நின்ற செலவு 41,47,913 ரூபாய். இடைப்பட்ட ஆண்டுகளில் அரச குடும்பத்துக்கு ஜகன்மோகன் அரண்மனையே வீடு. 1902-இல் கர்சன் பிரபு வந்து நான்காம் கிருஷ்ணராஜரிடம் ஆட்சியை ஒப்படைத்த விழாவும் அங்கேதான் நடந்தது.

இன்று நாம் பார்க்கும் அரண்மனையின் உடம்பு சாம்பல் நிறக் கருங்கல். கல்யாண மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து, வால்டர் மக்ஃபர்லேன் நிறுவனத்தின் சாரசன் பட்டறையிலிருந்து கப்பலேறி வந்தவை. மரம் எரிந்த இடத்தில் கல்லும் இரும்பும் எழுந்தன. ஒரு நகரம் தன் தீ விபத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியான பாடம்தான், ஆனால் பாதிப் பாடம்.

ஏனென்றால் கல்லும் இரும்பும் எரியாது, அவ்வளவுதான். தீ அவற்றை ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. கருங்கல்லில் இருக்கும் படிகக்கல், ஏறத்தாழ 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று விரியும். கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எஃகு சுமார் 550 டிகிரியில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். வார்ப்பிரும்போ, நன்றாகச் சூடேறியிருக்கும்போது தீயணைப்புக் குழாயின் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடியது. 1871-இல் சிகாகோ நகரம் எரிந்தபோது, தீப்பிடிக்காதவை என்று விளம்பரம் செய்யப்பட்ட இரும்புக் கட்டடங்கள் வளைந்து நெளிந்து விழுந்தன. அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் பொறியாளர்கள் இரும்பைச் சுட்ட மண் ஓடுகளாலும் பூச்சாலும் மூடி வைக்கத் தொடங்கினார்கள். எரியாத பொருளுக்கும் போர்வை வேண்டும் என்பது அப்போது தெரிந்துகொண்ட விஷயம்.

மைசூரு அரண்மனையின் கல்யாண மண்டபம் விசாலமானது, கூரை வெகு உயரத்தில் இருக்கிறது. அந்தத் தூண்கள் சூடேறிச் சாயுமளவுக்கு அங்கே எரிபொருள் சேர வழியில்லை. என் கவலை அந்த மண்டபத்தைப் பற்றியது அல்ல. அதே அரண்மனையின் அம்பாவிலாசத்தில் செதுக்கிய தேக்கு விதானங்கள் இன்றும் இருக்கின்றன. கல்லை எழுப்பிய பிறகும் மரம் உள்ளே வந்துவிட்டது. எந்தக் கட்டடத்திலும் அது அப்படித்தான் வரும்: கதவாக, அலமாரியாக, திரையாக, தடுப்பாக, விதானமாக. கட்டடம் எரிகிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் எரிவது அதன் உள்ளுடுப்புதான்.

இதை மைசூரு இரண்டாவது முறையாக, மிகக் கொடுமையாகத் தெரிந்துகொண்டது 1989 பிப்ரவரி 8 அன்று. பிரீமியர் ஸ்டுடியோவில் ‘திப்பு சுல்தானின் வாள்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. தீயில் 62 பேர் இறந்தார்கள். நடிகரும் இயக்குநருமான சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களோடு பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். தளர்வான மின் இணைப்புகள், சூட்டைக் கக்கும் பெரிய விளக்குகள், காற்றுப்போக்கி இல்லாத கூடம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று என் மனதை விட்டு நீங்குவதில்லை. சுவர்களில் தீயைத் தாங்கும் பொருள் எதுவும் இல்லை, கோணிதான் கட்டியிருந்தார்கள். அந்தக் கூடத்தின் சுவர் எரியாமல் இருந்திருக்கலாம், சுவரின் மேல் கட்டியிருந்த கோணி எரிந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்றது கீற்றுக் கூரை. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்திலும் கீற்றுப் பந்தல்தான் எமனானது. செங்கல்லோ கான்கிரீட்டோ யாரையும் காப்பாற்றவில்லை.

அப்படியென்றால் சுவரின் மேலும் விதானத்தின் கீழும் என்ன இருக்க வேண்டும்? உலகம் முழுக்கக் கட்டடக்காரர்கள் இந்தக் கேள்விக்குத் தரும் பதில்களில் மலிவானதும் எளிதானதும் ஜிப்சம். நம்மூர்க் கொத்தனார்களுக்கு அது பி.ஓ.பி. பவுடர் மூட்டை. வீட்டுக்காரர்களுக்கு ஃபால்ஸ் சீலிங். இருவருக்குமே அது அழகு சம்பந்தப்பட்ட சரக்கு. தீயைத் தாமதப்படுத்தும் குணம் அதற்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பூச்சு வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் புரியும்.

கொத்தனார் பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றுகிறார். பிறகுதான் பவுடரைத் தூவுகிறார். வரிசை மாறினால் கட்டி தட்டிவிடும். பவுடர் தானாக ஊறி அடங்கும்வரை காத்திருந்து கலக்குகிறார். கலக்கியதும் அவசரம் தொற்றிக்கொள்கிறது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் சுவரில் ஏற்றி, அலுமினிய மட்டக்கோலால் இழுத்து, கரணையால் தேய்த்து முடித்தாக வேண்டும். சிமெண்டுக்குப் போல் ஒரு வாரம் தண்ணீர் அடிக்கும் வேலை இதற்கு இல்லை. பூசி முடித்த சுவர் இறுகும் நேரத்தில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டியில் மிஞ்சிய சாந்து இன்னும் நன்றாகச் சுடும். எந்த அடுப்பும் இல்லாமல் அந்தச் சூடு எப்படி வந்தது?

பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் ஜிப்சம், கால்சியம் சல்பேட் என்ற உப்பு. அதன் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. எடையில் கணக்கிட்டால் தூய ஜிப்சத்தில் கிட்டத்தட்ட 21 சதவீதம் தண்ணீர். இது ஈரம் அல்ல. வெயிலில் காயவைத்தால் போகாது. கல்லின் படிகத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்ட நீர். ஆலையில் இந்தக் கல்லை 120 முதல் 150 டிகிரிக்குச் சுட்டால் நான்கில் மூன்று பங்கு நீர் வெளியேறிவிடும். மிஞ்சும் வெள்ளைப் பொடிதான் மூட்டையில் வருகிறது. கொத்தனார் தண்ணீர் சேர்க்கும்போது, ஆலையில் இழந்த நீரைப் பொடி திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆலையின் உலை செலுத்திய வெப்பத்தில் ஒரு பகுதி அப்போது வெளியே வருகிறது. உள்ளங்கையில் பட்டது அதுதான்.

தீ விபத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. எரியும் அறை, பூச்சின் முகத்தை மறுபடியும் உலையில் வைத்தது போலச் சுடுகிறது. பூச்சிலுள்ள நீர் பிரிகிறது. பிரிப்பதற்கே வெப்பம் செலவாகிறது. பிரிந்த நீரை ஆவியாக்க அதைவிடப் பெரிய செலவு. அந்த நீர் முழுவதும் போகும்வரை பூச்சின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே தயங்கி நிற்கும். மரம் வெதும்பித் தீப்பிடிக்க 250 முதல் 300 டிகிரிக்கு மேல் வேண்டும், எஃகு தளர 550 வேண்டும். எனவே பூச்சுக்குப் பின்னால் இருப்பது மரமோ எஃகோ, அதற்கு அந்தத் தயக்க நேரம் முழுவதும் உயிர் இருக்கிறது. ஆய்வுக்கூட உலைகளில் பின்பற்றப்படும் உலகப் பொதுவான சூட்டு அட்டவணைப்படி, தீ தொடங்கிய 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945. எஃகு உத்தரம் போர்வையில்லாமல் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் அபாய எல்லைக்குப் போகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இதில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டுப் பார்த்தேன். 25 கிலோ மூட்டை தூய சரக்காக இருந்தால், இறுகும்போது சுமார் 4.6 கிலோ நீரைத் தன் படிகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பதையும் சேர்த்தால் 6 கிலோவுக்குச் சற்று மேல். கொத்தனார் ஊற்றியதில் மீதி, சுவர் காயும்போது காற்றில் போய்விடும். 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் பூச்சு ஏறத்தாழ 12 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இரண்டரை லிட்டர் தண்ணீர். பத்துக்குப் பத்து அறையொன்றின் நான்கு சுவர்களையும் விதானத்தையும் பூசினால், கதவு சன்னல் போக, நூறு லிட்டருக்குக் குறையாது. ஏழு குடம் தண்ணீரைச் சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் நிறுத்தி வைத்தது போல.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் நீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 2,600 கிலோஜூல் வெப்பம் செலவாகும். உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 16,000 கிலோஜூல் தரும். அந்த நூறு லிட்டரையும் ஆவியாக்கப் பதினாறு, பதினேழு கிலோ மரம் எரிந்தால் போதும். ஒரு மரக் கட்டிலே அதைவிட எடை இருக்கும். அதன் மேல் மெத்தை, பக்கத்தில் அலமாரி, அதற்குள் துணிமணி. ஆகவே ஜிப்சம் பூச்சு அறையில் எரியும் தீயை அணைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது அணைக்காது. தனக்குப் பின்னால் இருப்பதைச் சற்று நேரம் காப்பாற்றும். அந்தச் சற்று நேரத்தில் மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து இறங்கிவிடலாம், தீயணைப்பு வண்டி வந்துவிடலாம், பக்கத்து அறைக்குத் தீ தாவாமல் இருக்கலாம். அதன் வேலை அவ்வளவுதான். அது சின்ன வேலை இல்லை.

நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. மைசூருவானாலும் கோயம்புத்தூரானாலும், புதிய வீடுகளில் ஜிப்சம் பூச்சு ஏறுவது பெரும்பாலும் செங்கல் சுவர் மேல்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குத் தீயிடமிருந்து காவல் தேவையே இல்லை. அது தானே பல மணி நேரம் நிற்கும். அங்கே ஜிப்சம் போடுவது வழுவழுப்புக்காக, சீக்கிரம் பெயிண்ட் அடிப்பதற்காக. போடட்டும், தவறில்லை. ஆனால் போர்வை உண்மையில் தேவைப்படும் இடங்கள் அம்மணமாக நிற்கின்றன. ஜவுளிக் கடைகளில் இடத்தை மிச்சப்படுத்த எழுப்பும் இரும்பு இடைத்தளங்கள், அலுவலகங்களின் பிளைவுட் தடுப்புகள், கல்யாண மண்டபங்களின் பி.வி.சி. விதானங்கள், பழைய வீடுகளின் மரப்படிக்கட்டுக்கு அடியில் பொருத்திய மீட்டர் பெட்டிகள். பி.வி.சி. எரியும்போது நெருப்போடு நிற்பதில்லை. நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகையையும் சேர்த்துக் கக்கும். ஜிப்சம் கக்குவது நீராவி மட்டுமே. தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும் பகுதியினரைக் கொல்வது புகை என்பதை நினைத்தால் இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணம்.

ஐரோப்பாவில் இது பழைய சேதி. பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றடியில் ஜிப்சம் சுரங்கங்கள் இருந்தன. 1666-இல் லண்டன் எரிந்த செய்தி வந்ததும், மறு ஆண்டே பாரிஸில் மர வீடுகளை உள்ளும் புறமும் மரப்பட்டிகள் அடித்து ஜிப்சம் சாந்தால் பூச வேண்டும் என்று பதினான்காம் லூயியின் ஆட்சி உத்தரவு போட்டது. எரிந்தது வேறு ஊர், பூசியது இவர்கள். அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தென்னாட்டில் கதை வேறு. நம்மிடம் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் தாராளமாகக் கிடைத்தன. சுண்ணாம்புக் காரையில் நம் கொத்தர்கள் கண்ட உச்சம் செட்டிநாட்டுச் சுவர்களில் கண்ணாடி போல மின்னுகிறது. ஜிப்சம் நமக்குத் தெரியாத பொருளல்ல. சித்த மருத்துவர்கள் கற்பூரச் சிலாசத்து என்ற பெயரில் அதைச் சுத்தி செய்து, புடம் போட்டுப் பற்பமாக்கினார்கள். திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண் படுகைகளில் நார் நாராக ஜிப்சம் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் பெரிய இருப்பு நாகவுர், பிகானேர், ஜெய்சால்மர் என்று ராஜஸ்தானில் கிடக்கிறது. மாட்டு வண்டிக் காலத்தில் அங்கிருந்து காவிரிக் கரைக்கு அதைக் கொண்டுவர யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மழைக் காற்று அடிக்கும் நாட்டில் சுண்ணாம்பே புத்திசாலித்தனமான தேர்வும்கூட. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் ஜிப்சம் கரையும். வெளிச்சுவரில் பூசினால் சில மழைக்காலங்களில் கரைந்துபோகும்.

சுண்ணாம்புக் காரையும் தீயைத் தாங்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இறுகிய சுண்ணாம்பு எரிவதில்லை, எண்ணூறு டிகிரியைத் தாண்டியே சிதைகிறது. ஆனால் அது வெறும் கவசம், வெப்பத்தைக் குடிக்கும் நீர் அதற்குள் பெரிதாக இல்லை. அதே கனத்தில் ஜிப்சம் வாங்கித் தரும் நேரம் கூடுதல்.

பூச்சாக இருந்ததைப் பலகையாக மாற்றியது அமெரிக்கா. அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகிதங்களுக்கிடையில் ஜிப்சத்தை அடுக்கிச் செய்த பலகைக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார். மைசூருவின் மர அரண்மனை அப்போது இன்னும் எரியவில்லை. இன்று ஃபால்ஸ் சீலிங்குக்கு நாம் வாங்கும் ஜிப்சம் போர்டு அதன் பேரப்பிள்ளை. இந்தப் பலகையில் கவனிக்க வேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. நீரை இழந்த ஜிப்சம் சுருங்குகிறது, வெடிக்கிறது, மாவாகிறது. நீர் போன பிறகும் அந்த மாவு வெப்பத்தைத் தடுக்கும்தான், ஆனால் இடத்தில் நின்றால்தானே தடுக்க முடியும்? பொத்துப் பொத்தென்று விழுந்துவிட்டால் தீ நேராகப் பின்னால் இருக்கும் மரத்தைத் தொட்டுவிடும். அதற்காகத்தான் தீத்தடுப்புப் பலகைகளில் கண்ணாடி இழை கலக்கிறார்கள். இழை, உதிரும் மாவைச் சல்லடை போலப் பிடித்து வைக்கிறது. சிலவற்றில் வெர்மிகுலைட் என்ற தாதுவையும் சேர்ப்பார்கள். சூட்டில் விரியும் குணமுள்ள அது, ஜிப்சம் சுருங்கி விட்ட இடைவெளியை நிரப்பும். இப்படிச் செய்த 15.9 மில்லிமீட்டர் பலகை, மரச்சட்டத் தடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று அடித்தால் ஒரு மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்கச் சோதனைகளில் நிலைநாட்டப்பட்ட அளவு. கடையில் கேட்காமல் வாங்கினால் கிடைப்பது இழையில்லாத சாதாரணப் பலகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தீ விபத்துக்குப் பின் இந்தப் பலகை வேறொரு உதவியும் செய்கிறது. வெந்த ஜிப்சம் மென்மையாகிவிடுவதால், விசாரணை அதிகாரிகள் மெல்லிய கம்பியைச் சுவரில் அங்கங்கே குத்தி, எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று அளப்பார்கள். அதிக ஆழம் வெந்த இடத்தில் தீ அதிக நேரமோ அதிக மூர்க்கமாகவோ நின்றிருக்கிறது. அந்த அளவுகளைத் தரைப்படத்தில் குறித்தால் தீ நடந்த வழி மங்கலாகத் தெரியவரும். எரிந்த வீட்டில் சாட்சி சொல்ல மிஞ்சும் பொருட்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

எல்லை தெரியாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2001 செப்டம்பர் 11 சாட்சி. நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களின் அவசரப் படிக்கட்டுகளைச் சூழ்ந்திருந்தவை ஜிப்சம் பலகைச் சுவர்கள். தீயை மணிக்கணக்கில் தாங்கும் தகுதி அவற்றுக்கு இருந்தது. விமானம் மோதிய அடியைத் தாங்கும் வலு இல்லை. வடக்குக் கோபுரத்தில் மோதல் நடந்த மாடிகளில் மூன்று படிக்கட்டுகளும் துண்டிக்கப்பட்டு, மேலே இருந்தவர்கள் இறங்க வழியில்லாமல் போனது. நம் ஊருக்கு விமானம் மோதும் பயம் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனை நடைபாதையிலும் ஸ்ட்ரெச்சரும் மேசையும் இடித்து இடித்துப் பலகையில் பொத்தல் விழும். பொத்தல் விழுந்த பலகையைத் தீத்தடுப்பு என்று ஏட்டில் எழுதி வைத்திருப்பது ஆபத்தானது.

இந்தியாவில் விதிகள் இல்லாமல் இல்லை. ஜிப்சம் சாந்துக்கு 2547, பலகைக்கு 2095, தீத்தாங்கும் சோதனைக்கு 3809 என்று இந்தியத் தர நிர்ணய எண்கள் இருக்கின்றன. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன் நான்காம் பகுதி முழுவதையும் தீப்பாதுகாப்புக்கே ஒதுக்கியிருக்கிறது. சரக்குக்கும் பஞ்சமில்லை. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது மிஞ்சும் ஜிப்சம் மலைமலையாகக் குவிந்திருக்கிறது. அதில் கண்ணாடி இழை சேர்த்து வார்க்கும் 12 மீட்டர் நீள, 3 மீட்டர் உயர, 124 மில்லிமீட்டர் கனப் பலகைகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் இரண்டு மாடி மாதிரிக் கட்டடமே எழுப்பிக் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்தத் தொழில்நுட்பத்தை நம் நிலநடுக்க, சுமைக் கணக்குகளுக்கு ஏற்பத் திருத்தியது ஐ.ஐ.டி.யின் ஆய்வுக் குழு. உரக் கழிவைச் சுவராக்கியதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். அந்தச் சுவர் தனக்குள் தண்ணீரையும் வைத்திருக்கிறது என்பதை யாராவது எழுதியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து விடிய விடிய எரிந்ததும், மறுநாள் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்ததும், பிறகு மொத்தமும் இடிக்கப்பட்டதும் தமிழர்கள் தொலைக்காட்சியில் பார்த்தவை. அது கான்கிரீட் கட்டடம். அத்தனை மாடித் துணி எரியும்போது எந்தப் பூச்சும் ஓர் இரவைத் தாங்காது. துணிக்கிடங்கையும் விற்பனைத் தளத்தையும் படிக்கட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் சுவர்கள் இருந்தால்தான் ஒரு தளத்தின் தீ அந்தத் தளத்தோடு நிற்கும். ஜிப்சத்தின் இடம் அங்கேதான்: பிரிக்கும் சுவரில், ஏறும் டக்டைச் சுற்றி, எஃகுத் தூணைப் பெட்டி போட்டு மூடுவதில்.

மைசூருவுக்குத் திரும்பினால், அங்குள்ள பழைய கட்டடங்களுக்கு இன்றைய முதல் எதிரி மழை. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜா சந்தையின் ஒரு பகுதி சரிந்தது. சுண்ணாம்பும் மர உத்தரமும் சேர்ந்த கூரைகளில் நீர் இறங்கி ஊறிய கட்டடங்கள் அவை. இப்படிப்பட்ட சுவர்களில் ஜிப்சம் பூசுவது பெரும் தவறு. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட வேண்டும். ஈரமும் உப்பும் பட்ட ஜிப்சம் சில ஆண்டுகளில் பொருக்குத் தட்டி உதிரும். மரபுக் கட்டடத்தைப் பழுதுபார்க்க வரும் ஒப்பந்ததாரர் வேலை சீக்கிரம் முடியும் என்று ஜிப்சம் மூட்டையைக் காட்டினால் மறுத்துவிட வேண்டும். அங்கே சுண்ணாம்பு போதும், சுண்ணாம்பே சரி.

ஆனால் அதே பழைய வீடுகளுக்குள், நீர் இறங்காத இடங்கள் உண்டு. அக்ரகாரத்து வீட்டின் மர மச்சு, அதற்கு ஏறும் ஒரே படிக்கட்டு, படிக்கட்டுக்கடியில் சமையல் வாயு உருளையோ பேட்டரி இன்வெர்ட்டரோ வைத்திருக்கும் மாடம். இப்படிப்பட்ட வீடுகள் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் நிறைய இருக்கின்றன. மச்சின் அடிப்புறத்திலும் அந்த மாடத்தைச் சுற்றியும், இழை கலந்த ஜிப்சம் பலகையைத் தனி உலோகச் சட்டத்தில், பழைய மரத்தைத் துளைத்துப் பாழாக்காமல் பொருத்தலாம். நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இரண்டு அடுக்காகப் போட்டு, மேலடுக்கின் மூட்டும் கீழடுக்கின் மூட்டும் ஒன்றின் மேல் ஒன்று வராமல் தள்ளிப் போட்டால் தாங்கும் நேரம் நன்றாகக் கூடும். மூட்டுகளைக் காகித நாடா ஒட்டிச் சாந்தால் அடைப்பது கட்டாயம், ஏனென்றால் தீ முதலில் தேடுவது இடுக்கைத்தான்.

இந்த இடத்தில்தான் வேலை பெரும்பாலும் கெடுகிறது. பலகை ஏற்றியவர்கள் போன பிறகு எலக்ட்ரீஷியன் வருகிறார். விளக்குக்காக எட்டு வட்டம் வெட்டுகிறார். அடுத்து ஏசி மெக்கானிக் குழாய் கொண்டுபோகக் கைமுட்டி நுழையுமளவு ஓட்டை போடுகிறார். பிறகு கேபிள்காரர், அவருக்குப் பின் கேமரா பொருத்துகிறவர். ஒவ்வொரு ஓட்டையும் விதானத்துக்கு மேலே இருக்கும் மரத்துக்கும் ஒயருக்கும் நேர்வழி. விளக்கின் பின்னால் தீத்தடுப்பு மூடி போடலாம், குழாயைச் சுற்றிச் சூட்டில் உப்பி அடைத்துக்கொள்ளும் பசை அடிக்கலாம். இரண்டும் சந்தையில் கிடைக்கின்றன. எதுவும் கிடைக்காத ஊரில் குழாயைச் சுற்றிய இடுக்கைப் பலகையின் முழுக் கனத்துக்கும் ஜிப்சம் சாந்தால் நிரப்பினாலும் பெரும் பயன் உண்டு. ஓட்டையை வெட்டியவரே அடைத்துக் கொடுத்த பிறகுதான் கூலி என்று வேலைச்சீட்டில் ஒரு வரி எழுதி, கடைசி ஆள் போன பின் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.